வேடியப்பன் கல்லும் 2014-ஆம் வருடக் கணினியும்

எங்கள் வீட்டுக் கணினி 2014-இல் தருமபுரியிலேயே ஒரு கடையில் பாகம் பாகமாகச் சேர்த்து வாங்கியது. இன்டெல் ஐ5-4460 பிராசசர், எச்81 போர்டு, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினெட்டோடு சேர்ந்தே வந்த ஓர் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தருகிற பெட்டி), விஜிஏ கேபிள் மட்டும் ஏற்கிற பதினெட்டரை அங்குல மானிட்டர். வினாத்தாள் அடிக்க, மகளின் கல்லூரி ப்ராஜெக்ட் செய்ய, வருமான வரிக் கணக்குப் போட அது தாராளம். கேம் விளையாடுகிறவர்கள் வீட்டில் யாரும் இல்லை. திரைப் படங்களுக்கான கணக்கைத் தனியாகச் செய்கிற கிராபிக்ஸ் கார்டு என்ற பேச்சே பத்து வருடமாக எழவில்லை.

அந்தப் பேச்சு எழுந்தது ஒரு கல்லால். அரூர் பக்கம் ஒரு ஊரில், ஏரிக்கரைக்குக் கீழே புளியமரத்தடியில் ஒரு நடுகல் இருக்கிறது. கையில் வில்லோடு நிற்கிற வீரன். ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். நான் சமூக அறிவியல் ஆசிரியர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒருமுறை அங்கே கூட்டிப்போவேன். வீரன் தலைக்கு மேலே பழைய தமிழ் எழுத்து முறையான வட்டெழுத்தில் நான்கு வரி ஓடுகிறது. மழையும் எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து அதை ஏறக்குறைய மூடிவிட்டன. "சார், என்ன எழுதியிருக்கு?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். எனக்குப் பதில் தெரியாது.

வட்டெழுத்து வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர், படி எடுத்துக் கொடுத்தால் பார்க்கிறேன் என்றார். மைப்படி எடுப்பதென்றால் கல்லை நன்றாகக் கழுவ வேண்டும், ஈரத்தாளை ஒட்டித் தட்ட வேண்டும், மேலே மை ஒற்ற வேண்டும். கும்பிடுகிற சாமி மேல் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஊரிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தொடாமல் எடுக்க இன்னொரு வழி உண்டு. கல்லைச் சுற்றி அறுபது, எழுபது படங்களைப் போனிலேயே எடுத்தால், அவற்றை ஒப்பிட்டு அந்தக் கல்லின் மேடு பள்ளத்தை முப்பரிமாண உருவமாகக் கட்டித் தருகிற மென்பொருள்கள் இருக்கின்றன. மெஷ்ரூம் அவற்றில் ஒன்று. இலவசம், திறந்த மூல மென்பொருள்.

2025 மே விடுமுறையில் அதை இறக்கி ஓட்டினேன். முதல் சில கட்டங்கள் மெதுவாகவாவது பச்சையாகி முடிந்தன. டெப்த் மேப் என்ற கட்டத்தில் சிவப்பாகி நின்றது. காரணம் தேடியபோதுதான் புரிந்தது: ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகிற அந்தக் கட்டம் குடா என்ற முறையில் ஓடுகிறது. குடா என்விடியா நிறுவனத்தின் கார்டுகளில் மட்டும் உண்டு. என் பிராசசருக்குள்ளேயே இருக்கிற இன்டெல் எச்டி 4600-ஆல் அது முடியவே முடியாது.

எந்தக் கார்டு வேண்டும் என்பதை முடிவுசெய்தது இந்த ஒரு விவரம்தான். கார்டு வாங்க நினைக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதுதான்: நீங்கள் பயன்படுத்தப்போகிற மென்பொருளின் பெயர் என்ன, அது என்ன கேட்கிறது? 'நல்ல கார்டு' என்று பொதுவாக ஒன்று கிடையாது. ஏஎம்டி நிறுவனத்தின் 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 கார்டை என்னை வாங்கச் சொன்னவர்கள் உண்டு. கேம் ஆடுகிறவருக்கு அது மிக நல்ல கார்டு. ஆனால் ஏஎம்டி கார்டில் குடா இல்லை. எனக்கு அது பயன்படவே பயன்படாது.

கார்டுக்கு முன்னால் ராமைத் தொட்டேன். நான் சரியான வரிசையில் செய்த ஒரே காரியம் அதுதான். பிராசசரோடு சேர்ந்த கிராபிக்ஸுக்கு என்று தனி மெமரி கிடையாது. கணினியின் ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். டிடிஆர்3 1600 ராம் ஒற்றையாக இருந்தால் நொடிக்கு 12.8 ஜிபி போகும் வழி. ஒரே மாதிரி இரண்டைப் போட்டால் வழி இரண்டாகி 25.6 ஜிபி ஆகும். என் போர்டில் இரண்டே ஸ்லாட், அதிகபட்சம் 16 ஜிபி. பழைய 8 ஜிபி ராம் இரண்டைத் தலா 700 ரூபாய்க்கு வாங்கி மாற்றினேன். ஹார்ட் டிஸ்க்கை ஓரங்கட்டி, அதைவிட வேகமான எஸ்எஸ்டியில் விண்டோஸை ஏற்றினேன். மகள் அன்று மாலையே, "அப்பா, புதுசு வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். வீடியோ பார்க்க, படம் திருத்த, கணினி மெதுவாக இருக்கிறது என்பதுதான் உங்கள் குறை என்றால், இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். கார்டு தேவைப்படாமலே போகலாம்.

இனி என் தவறு. அதை முழுதாகச் சொல்கிறேன், இதே இடத்தில் பணத்தை விட்டவர்கள் பலர் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஜூன் மாதம் பழைய பொருள் விற்கிற செயலி ஒன்றில் 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி' என்று ஒரு கார்டு 3,800 ரூபாய்க்கு வந்தது. படத்தில் பார்த்தால் விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூன்று இணைப்பும் இருந்தன. என் மானிட்டருக்கு விஜிஏ வேண்டும். எனக்கென்றே செய்தது போலிருந்தது. பணத்தை அனுப்பினேன், நான்கு நாளில் கூரியரில் வந்தது. அதன் பக்கவாட்டில் ஆறு பின் மின்சார இணைப்பு ஒன்று இருந்தது. என் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயர் இல்லை. கார்டோடு வந்த மாற்று வயரில் ஹார்ட் டிஸ்க்குக்கான பழைய நாலு பின் பிளக்கை மாட்டி இயக்கினேன். திரை வந்தது. விற்றவர் அனுப்பிய டிரைவரை, அதாவது கார்டை இயக்குகிற நிரலை, போட்டதும் விண்டோஸ் அதை 1050 டிஐ என்றே காட்டியது.

மெஷ்ரூமை ஓட்டிய மூன்றாவது நிமிடம் கணினி பட்டென்று அணைந்தது. மறுபடி ஓட்டினேன், மறுபடி அணைந்தது.

கணினியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனேன். அங்கே இருக்கிற தம்பி பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருந்த தாளைத்தான் முதலில் படித்தார்.

"சார், மேல 450 வாட்டுன்னு போட்டிருக்கான். கீழ பாருங்க. பன்னெண்டு வோல்ட்டுல பதினாலு ஆம்ப்புதான்."

"அதனால?"

"பன்னெண்டைப் பதினாலால பெருக்குங்க சார். 168. பிராசசரும் கார்டும் தின்னுறது எல்லாம் இந்தப் பன்னெண்டு வோல்ட்டுலதான். உங்க பிராசசரே 84 வாட்டு."

எஸ்எம்பிஎஸ் பெட்டிமேல் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்பக்கூடாது, 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும் என்று அன்றுதான் கற்றேன். ஐந்து நிமிட வேலை. கார்டுக்குப் பணம் அனுப்புவதற்கு முன் இதைச் செய்திருக்கலாம். மின்சாரத்தை வீணாக்காததற்கான 80 பிளஸ் வெண்கலச் (Bronze) சான்று பெற்ற, 12 வோல்ட்டில் 36 ஆம்பியர் தருகிற புது எஸ்எம்பிஎஸ் ஒன்றை 2,900 ரூபாய்க்கு மாட்டினோம். அந்தச் செலவுக்கு நான் வருந்தவில்லை. பதினோரு வருடம் ஓடிய மலிவான எஸ்எம்பிஎஸ் ஒரு நாள் போகும்போது தனியாகப் போவதில்லை, சில நேரம் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். பழைய கணினியில் கார்டு ஏற்றுகிறவர்கள் பட்ஜெட்டில் முதல் வரியாக எஸ்எம்பிஎஸ்ஸை எழுதிக்கொள்ளுங்கள்.

புது எஸ்எம்பிஎஸ்ஸில் கணினி அணையவில்லை. ஆனால் மெஷ்ரூம் அதே இடத்தில் சிவந்தது. டிரைவர் பழசாக இருக்கும் என்று என்விடியா தளத்திலிருந்து புதியதை இறக்கிப் போட்டதும் நீலத்திரை. தம்பி கொஞ்ச நேரம் கார்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கார்டின் உள் விவரங்களைக் காட்டுகிற ஜிபியு-இசட் என்ற சின்ன நிரலைப் பென்டிரைவிலிருந்து ஓட்டினார். கார்டின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் 'ஃபேக்' என்று நின்றது. உள்ளே இருந்த சிப் ஜிஎஃப்116. அதாவது 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ. யாரோ அதன் பயாஸை, அதாவது கார்டுக்குள் பதிந்திருக்கிற நிரலை, மாற்றி எழுதி, புது ஸ்டிக்கர் ஒட்டி விற்றிருக்கிறார்கள். அந்தச் சிப்புக்கு 116 வாட் வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ் அணைந்ததன் கணக்கும் அப்போது சரியாக வந்தது: 84-உம் 116-உம் சேர்ந்தால் 200.

எனக்கு இன்றும் உறுத்துவது அந்த விஜிஏ இணைப்பு. எதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேனோ அதுதான் போலி என்பதற்கு வெளிப்படையான அடையாளம். ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து என்விடியா கார்டுகளில் விஜிஏ சிக்னலே கிடையாது. டிவிஐ இருந்தாலும் அது டிஜிட்டல் மட்டும் தருகிற டிவிஐ-டி. '1050 டிஐ' என்று சொல்லி நீல நிற விஜிஏ இணைப்போடு ஒரு கார்டைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். விற்றவருக்கு எத்தனையோ முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. மாதச் சம்பளத்தில் இது சின்னத் தொகை இல்லை. வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுவே கஷ்டமாக இருந்தது.

அந்த இரண்டு மாதத்தில் நிறையப் படித்தேன். புதுக் கார்டாகவே வாங்கலாம் என்று பார்த்தால் கடைகளில் இருந்தது ஜிடி 710. பெட்டி புதிது, உள்ளே இருப்பது கெப்ளர் என்ற பழைய தலைமுறைச் சிப். பாதுகாப்புத் திருத்தங்கள் தவிர, அதற்குப் புதிய டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2021-இலேயே நிறுத்திவிட்டது. அடுத்தது ஜிடி 1030. ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறது. ஜிடிடிஆர்5 மெமரி உள்ளது நொடிக்கு 48 ஜிபி கடத்தும், டிடிஆர்4 உள்ளது 16.8 ஜிபிதான். என் இரட்டை ராமின் 25.6-ஐ விடவும் அது குறைவு! பெட்டியில் 2 ஜிபி என்று பெரிதாக இருக்கும், மெமரி வகை சின்ன எழுத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

ஸ்லாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்டைச் செருகுகிற ஸ்லாட் என் எச்81 போர்டில் பிசிஐஇ 2.0 என்ற பழைய வகை. ஆர்எக்ஸ் 6400 போன்ற புதிய சின்னக் கார்டுகள் பதினாறு வழிக்குப் பதில் நாலு வழியை மட்டும் பயன்படுத்துகிறவை. பிசிஐஇ 4.0 போர்டில் அது குறையாகத் தெரியாது. 2.0-இல் நாலு வழி என்றால் நொடிக்கு 2 ஜிபிதான், பதினாறு வழி என்றால் 8 ஜிபி. ஆகவே பழைய போர்டுக்குப் பதினாறு வழியும் பயன்படுத்துகிற சற்றுப் பழைய கார்டுதான் பொருத்தம். குடா அவசியம் இல்லாதவர்களும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் நின்றவை உண்மையான 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 இரண்டும்தான். இரண்டும் 75 வாட். ஸ்லாட்டே 75 வாட் தரும் என்பதால் தனி வயர் இல்லாத மாடல்கள் கிடைக்கும். இரண்டிலும் 4 ஜிபி. 1050 டிஐ அப்போது இரண்டாயிரம் ரூபாய் மலிவு. ஆனால் அது 2016-இன் பாஸ்கல் தலைமுறை. 580 என்று எண்ணிட்ட டிரைவர் வரிசைதான் பாஸ்கலுக்குக் கடைசி என்று என்விடியா அறிவித்துவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த குடா 13-உம் பாஸ்கலை விட்டுவிட்டது. 2019-இல் வந்த 1650 டூரிங் தலைமுறை, இன்னும் ஆதரவுக்குள் இருக்கிறது. கேம் மட்டும் ஆடுகிறவர் 1050 டிஐயில் மிச்சம் பிடிக்கலாம். என் வேலைக்கு 1650-க்குக் கீழே இறங்கக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

காலாண்டு விடுமுறையில் காலை முதல் பஸ்ஸில் பெங்களூருக்குப் போனேன். ஓசூர் தாண்டினால் எலக்ட்ரானிக் சிட்டி நெரிசல், கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போய்ச் சேர மதியமாகிவிட்டது. அந்தத் தெருவில் தமிழிலேயே பேசி வாங்கலாம். இந்த முறை பையில் நான்கு பொருள் எடுத்துப் போனேன்: ஜிபியு-இசட் உள்ள பென்டிரைவ், அழுத்தச் சோதனைக்கு ஃபர்மார்க், ஒரு டார்ச், ஓர் அளவு நாடா. கேபினெட்டுக்குள் ஸ்லாட்டின் பின்பக்கத்திலிருந்து ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து குறித்திருந்தேன். எனக்கு 24. மூன்று விசிறி வைத்த கார்டுகள் சில 30-க்கு மேல் போகும், வீட்டுக்கு வந்து பார்த்தால் நுழையாது.

முதல் இரண்டு கடையில் மாட்டிக் காட்ட முடியாது என்றார்கள். வணக்கம் சொல்லி நடந்தேன். மூன்றாவது கடையில் பெரியவர் ஒருவர், "தாராளமா பாருங்க, பார்க்காம வாங்குனாத்தான் எனக்குப் பயம்" என்று தன் மேசைக் கணினியிலேயே மாட்டினார். ஜிபியு-இசட்டில் டியு117 என்று சிப்பின் பெயர் சரியாக வந்தது. மெமரி 4 ஜிபி, வகை ஜிடிடிஆர்5. ஃபர்மார்க்கைப் பத்து நிமிடம் ஓட விட்டேன். வெப்பம் 68 டிகிரியில் நின்றது, திரையில் கோடோ புள்ளியோ வரவில்லை, விசிறியில் கரகரப்பு இல்லை. டார்ச் அடித்து ஸ்க்ரூக்களையும் ஸ்லாட்டில் நுழைகிற தங்க விளிம்பையும் பார்த்தேன். 7,000 சொன்னார், 6,500-க்குக் கொடுத்தார். ஒரு மாத உத்தரவாதத்தைப் பில்லில் கையால் எழுதி வாங்கினேன். விஜிஏ மானிட்டருக்காக எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுகிற கன்வர்ட்டர் 350 ரூபாய். டிவிஐயில் செருகுகிற சின்னப் பிளக் இந்தக் கார்டுகளுக்கு ஆகாது. உள்ளே சிக்னலை மாற்றுகிற சிப் உள்ள கன்வர்ட்டர்தான் வேலை செய்யும்.

மாட்டுவதற்கு முன் பழைய டிரைவரின் மிச்சங்களை டிடியு என்ற நிரலால் துடைத்தேன். மின் வயரை உருவிவிட்டு, கேபினெட்டுக்குள் பதினோரு வருடத் தூசியை மொட்டை மாடியில் வைத்து ஊதினேன். பிராசசர் மேல் வெப்பம் கடத்துவதற்காகத் தடவியிருந்த, காய்ந்துபோன பேஸ்ட்டையும் மாற்றினேன். மாட்டியதும் திரை கறுப்பாகவே இருந்தது. போனில் தம்பி சிரிக்காமல் கேட்டார்: "சார், மானிட்டர் வயரை எங்க செருகியிருக்கீங்க?" போர்டின் விஜிஏவிலேயே செருகியிருந்தேன். கார்டிலிருக்கிற எச்டிஎம்ஐயில் கன்வர்ட்டரைப் போட்டு இணைத்ததும் வந்துவிட்டது. கார்டு வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுக்க ஓடுவதற்கு முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கேபினெட்டின் இரும்பில் கை வைத்தால் சுருக்கென்றது. எங்கள் வீட்டு வயரிங் பழையது, அந்த பிளக்கில் எர்த் இணைப்பே இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்த பிறகுதான் வேலையைத் தொடங்கினேன். இதை யாரும் தள்ளிப்போட வேண்டாம். கார்டுக்காகச் சொல்லவில்லை, கை வைக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். யுபிஎஸ்ஸையும் பார்க்க வேண்டும். என்னிடம் இருக்கிற 600 விஏ யுபிஎஸ் 360 வாட் வரைதான் தாங்கும். என் கணினிக்கு அது போதும், ஆனால் பெரிய கார்டு போடுகிறவருக்கு மின்சாரம் போன நொடியிலேயே யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணையும்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 என் நான்காம் தலைமுறை பிராசசரை ஏற்காது. அதனால் இப்போது லினக்ஸ் மின்ட்டில் ஓட்டுகிறேன். அதன் டிரைவர் மேலாளரில் என்விடியா டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் தானே போட்டுக்கொள்கிறது. மெஷ்ரூமுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு.

கல்லைப் படமெடுக்க நவம்பரில் மறுபடி போனேன், மேகமூட்டமான காலை பார்த்து. வெயிலில் எண்ணெய் பளபளக்கும், பளபளப்பு இருந்தால் கணக்கு தப்பும். பூசாரியிடம் அனுமதி கேட்டேன். அவரே ஈரத்துணியால் எழுத்துப் பகுதியை மெல்லத் துடைத்துக் கொடுத்தார். 68 படம். மே மாதம் சிவந்து நின்ற அந்தக் கட்டம் இந்த முறை 40 நிமிடத்தில் பச்சையானது. முழு வேலையும் முடிய மூன்று மணி நேரம். பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொண்டது கார்டு இல்லை, பிராசசர்தான். கார்டை மட்டும் மாற்றினால் எல்லாம் பறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கிடைத்த உருவத்தை மெஷ்லேப் மென்பொருளில் திறந்தேன். மஞ்சள், குங்குமம், எண்ணெய்க் கறை என்று மேலிருந்த நிறம் அத்தனையையும் நீக்கிவிட்டு, வெறும் கல்லின் வடிவத்தை மட்டும் வைத்து, மேடு பள்ளத்தை எடுத்துக்காட்டுகிற ரேடியன்ஸ் ஸ்கேலிங் என்ற முறையைப் போட்டேன். சுட்டியை நகர்த்த நகர்த்த வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தது. இரவு பதினொரு மணி இருக்கும். வரி வரியாக எழுத்து எழும்பியது. மகளை எழுப்பிக் காட்டினேன்.

நண்பருக்கு அந்தப் படங்களை அனுப்பினேன். இரண்டாம் வரியில் 'தொறு' என்று படித்துச் சொன்னார், மாட்டு மந்தைக்கு அன்றைய சொல். கடைசி வரியில் 'பட்டான் கல்'. இவன் மந்தைச் சண்டையில் இறந்தவன். பெயர் இருக்க வேண்டிய மூன்றாம் வரியின் நடுவில் கல் பொரிந்திருக்கிறது, இரண்டு எழுத்து மட்டும் பாதி தெரிகிறது. அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் நெருக்கமாக நாற்பது படம் எடுக்க, வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியலில் பிள்ளைகள் நான்கு பேரோடு போகிறேன்.